உப்புக் காத்துல நின்ன வேனை எப்படிப் பார்த்து வாங்குறது?

தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினார். "மச்சான், ஈகோ ஒன்னு அமைஞ்சிருக்கு. 2014 மாடல், சிங்கிள் ஓனர், ஏழு சீட்டு. மீட்டர்ல அறுபத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு. ரெண்டே முக்கால் சொல்றாங்க, பேசினா ரெண்டரைக்கு முடிஞ்சிடும். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அவங்க வீடு பட்டினச்சேரி. காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டின மீனவர் ஊர். வீட்டுல பெரியவங்க ரெண்டு பேர், இவங்க ரெண்டு பேர், பிள்ளைங்க மூணு. மாமாவை மாசத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பஸ்ல அவரால உட்கார முடியலை, ஒவ்வொரு தடவையும் வாடகைக்கார் எடுத்தாக் கட்டுப்படியாகலை. சீட்டு எடுத்த பணமும் தங்கச்சி வளையலை அடகு வச்ச பணமும்தான் கையில. தப்பான வண்டியை வாங்கிட்டா இன்னொன்னு வாங்க வழி கிடையாது.

நான் மெக்கானிக் இல்லை. ஆனா போறதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் உட்கார்ந்து படிச்சேன், தெரிஞ்ச டிங்கரிங் பட்டறைக்காரர் ஒருத்தர்கிட்ட நிறையக் கேட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இது. பழைய கார் வாங்குறதைப் பத்தி இணையத்தில் கிடைக்கிற பட்டியல்கள் பெரும்பாலும் எஞ்சின்ல ஆரம்பிச்சு எஞ்சின்லயே முடியும். டெல்லிக்கும் பெங்களூருக்கும் அது சரி. கடலோரத்துல வண்டியைக் கொல்றது எஞ்சின் இல்லைங்க, அதைத் தாங்கிட்டிருக்கிற தகரம்.

உப்பு பண்ணுற வேலை

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணியும் காத்தும் வேணும், இது எல்லாருக்கும் தெரியும். மழை விட்டு வெயில் அடிச்சா வண்டி காய்ஞ்சிடும், துருவும் நின்னுடும். அப்படித்தான் உள்நாட்டுல நடக்குது. கடலோரத்துல அது காயறதே இல்லை. காரணம் உப்போட குணம். சாதாரண உப்பு, காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா தானாவே தண்ணியை இழுத்துக் கரைசலா மாறிடும். மழைக்காலத்துல வீட்டு உப்பு ஜாடி கசியுதே, அதே சங்கதி. கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கு. அது இன்னும் மோசம், 33 சதவீத ஈரப்பதம் இருந்தாலே கசிய ஆரம்பிச்சிடும். கடலோரத்துல ராத்திரி ஈரப்பதம் 75க்கு மேல போறது சர்வசாதாரணம். ஆக, அலைத் திவலையோட வந்து வண்டி அடியில படிஞ்ச உப்பு, சொட்டு மழை இல்லாமலே ராத்திரி முழுக்க தகரத்தை நனைச்சு வச்சிருக்கும்.

இன்னொன்னு, துரு உண்டாகுறப்ப உப்பு தீர்ந்து போறதில்லை. அது அங்கேயே இருந்து திரும்பத் திரும்ப வேலை செய்யும். துரு, அது தின்ன இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனாலதான் பெயின்ட் கொப்புளிக்குது. வெளியில ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம் தெரிஞ்சா, உள்ளே தகரம் உள்ளங்கை அளவுக்குப் போயிருக்கும்னு பட்டறைக்காரர் சொன்னார். அவர் அனுபவக் கணக்கு அது.

தண்ணி விட்டுக் கழுவினாப் போகாதான்னு கேட்கலாம். நல்ல தண்ணியா இருந்தாப் போகும். ஆனா கரையோரத்துல போர் தண்ணியே உவர்ப்பு. அதுல கழுவி வெயில்ல காய வச்சா, துடைச்ச உப்பைத் திரும்பப் பூசின மாதிரிதான்.

வேன்களுக்கு இதுல கூடுதல் கஷ்டம் ஒன்னு இருக்கு. ஆம்னி, ஈகோ, எர்டிகா எல்லாத்துக்கும் தனியா சேசிஸ் கிடையாது. தரைத் தகரம், பக்கத்துல கதவுக்குக் கீழ ஓடுற பெட்டி மாதிரியான சட்டம், குறுக்குச் சட்டங்கள் எல்லாத்தையும் ஒன்னா வெல்டு வச்சதுதான் வண்டியோட எலும்பு. அந்தப் பெட்டிச் சட்டங்கள் உள்ளே வெத்து. தண்ணி வடியறதுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். சேறும் மணலும் அடைச்சுக்கிட்டா உப்புத் தண்ணி உள்ளேயே தங்கிடும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ளேர்ந்து அரிச்சுட்டு வரும். இன்னோவா, குவாலிஸ், டவேரா வகை வண்டிகளுக்குக் கீழ ஏணி மாதிரி கனமான சேசிஸ் உண்டு. அது அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனா அதுக்கு மேல உட்கார்ந்திருக்கிற பாடி போகும். பின்பக்க ஆக்சில் சேசிஸோட சேர்ற இடத்தையும் பார்த்தே ஆகணும்.

வாட்டர் சர்வீஸ்ல ஒரு மணி நேரம்

வண்டி ஒரு புரோக்கர் இடத்துல நின்னது. வெள்ளை, புது பெயின்ட், புது சீட் கவர், டேஷ்போர்டுல எலுமிச்சை வாசனை சென்ட். மாப்பிள்ளை முகமே மலர்ந்திருச்சு. எனக்கும் பிடிச்சிருந்தது, பொய் சொல்லக்கூடாது.

நான் ஒரே ஒரு கோரிக்கை வச்சேன். பக்கத்துல இருக்கிற வாட்டர் சர்வீஸ்ல வண்டியைத் தூக்கிப் பார்க்கணும், தூக்குற கூலி என்னோடது, ஆனா கழுவக்கூடாது. கழுவிட்டா ஈரத்துல எல்லாத் தகரமும் ஒரே கறுப்பாத் தெரியும், எண்ணெய் ஒழுகுற தடமும் போயிடும். பழைய வேன் பார்க்கப் போற யாருக்கும் நான் சொல்ற முதல் யோசனை இதுதான். வண்டியைத் தூக்க விடமாட்டேன்னு சொல்றவர்கிட்ட அதுக்கு மேல பேச வேண்டியதில்லை, திரும்பி வந்துடலாம்.

தூக்கினா அடி முழுக்கத் தார் மாதிரி கறுப்பு அண்டர்கோட்டிங். "நல்லா மெயின்டெய்ன் பண்ணியிருக்காங்க பாருங்க" என்றார் புரோக்கர். அண்டர்கோட்டிங் நல்லதுதான், எப்ப அடிச்சதுங்கிறதுதான் கேள்வி. வண்டி வாங்கின புதுசுல அடிச்சதா இருந்தா மேல தூசி படிஞ்சு, கல் பட்டுக் கீறி, சாம்பல் நிறத்துல இருக்கும். இது பளபளன்னு இருந்துச்சு. சைலன்சர் மேலயும் ரப்பர் புஷ் மேலயும்கூடத் தெறிச்சிருந்தது. விக்கிறதுக்குன்னே அடிச்சது. துரு மேல அடிச்ச தார் துருவை நிறுத்தாது, ஈரத்தை உள்ளே பூட்டி வச்சு இன்னும் வேகப்படுத்தும்.

ஒரு ஸ்க்ரூடிரைவரோட பிடியால தட்டிக்கிட்டே போனோம். கெட்டியான தகரம் 'டங்'குன்னு பதில் சொல்லும். அரிச்சது 'தொப்'புன்னு சத்தமில்லாம அமுங்கும். வலது பக்கச் சட்டத்துல, பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னாடி வந்தப்ப சத்தம் மாறிடுச்சு. புரோக்கரைக் கேட்டுட்டு நுனியால லேசா அழுத்தினேன். தார் பிய்ஞ்சு, அடியில ஒட்டியிருந்த பட்டி கட்டியா உதிர்ந்துச்சு. தகரம் இருக்கவேண்டிய இடத்துல பட்டியைப் பூசி மூடியிருக்காங்க. காந்தம் ஒன்னு பையில இருந்தது, துணி சுத்தி வச்சுப் பார்த்தேன். ஒட்டலை. (பழைய ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தமே போதும். கதவு, மட்கார்டு, சட்டம்னு ஒவ்வொரு இடமா வச்சுப் பார்த்தா எங்கெல்லாம் பட்டி கனமா இருக்குன்னு தெரிஞ்சிடும்.)

எல்லாத் துருவும் ஒன்னு இல்லைங்கிறதையும் சொல்லணும். சைலன்சர் மேல பழுப்பு, போல்ட் தலையில துரு, இதெல்லாம் கடலோர வண்டியில இல்லாம இருந்தாத்தான் அதிசயம். அடுக்கடுக்கா உரியுற துருன்னா கவனம் வேணும், எந்த இடம்னு பார்க்கணும். ஓட்டைன்னா, அது எங்க இருக்குங்கிறதைப் பொறுத்து வண்டியையே விட்டுடலாம். ஷாக் அப்சர்பரும் சஸ்பென்ஷனும் பாடியோட சேர்ற இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கிற இடம், சீட்டைத் தரையோட பிடிச்சிருக்கிற இடம், இந்த மூணுல எங்க ஓட்டை இருந்தாலும் விலை பேசவே கூடாது. விலையைக் குறைச்சுட்டா அந்த இடம் பலமாயிடாது.

அதைவிட அமைதியான ஆபத்து ஒன்னு உண்டு: பிரேக் பைப். எஞ்சின் பக்கத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் வண்டி அடியில பென்சிலை விட மெல்லிசா ஒரு இரும்புக் குழாய் ஓடும். கிளிப் போட்டுப் பிடிச்சிருக்கிற இடத்துல உப்பு தங்கி அரிக்கும். மெதுவா ஓட்டுறப்ப ஒன்னும் தெரியாது. மாடு குறுக்க வந்து ஓங்கி மிதிக்கிறப்பதான் அழுத்தம் தாங்காம பிய்க்கும். கையை விட்டுத் தடவிப் பாருங்க, சொரசொரப்பா வீங்கியிருந்தா மாத்தியே ஆகணும். வண்டி நிக்கிறப்ப எஞ்சினைப் போட்டு பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பெடல் மெல்ல மெல்லக் கீழ இறங்கினா எங்கேயோ ஒழுகுது, இல்ல மாஸ்டர் சிலிண்டர் போச்சு. பைப் மாத்துறது பெரிய செலவு இல்லை. தெரியாம இருக்கிறதுதான் பெருசு.

செதில்

வண்டியைக் கீழ இறக்கின பிறகு உள்ளே பார்த்தோம். கடைசி சீட்டுக்கு அடியில மேட்டைத் தூக்கினேன், தரை செம்பழுப்பா இருந்துச்சு. நடுவுல ரெண்டு ஓட்டை, கம்பெனி ஓட்டை இல்லை, டிரில் போட்டது. எனக்குப் புரியலை. மாப்பிள்ளை குனிஞ்சு பார்த்தார். சீட் ரெயிலோட போல்ட் இடுக்குல நகத்தை விட்டு எதையோ எடுத்தார். விரல் நுனியில வச்சுக் காட்டினார். மீன் செதில்.

"சங்கரா" என்றார்.

புரோக்கர், "மீனா? ஒரு நாளும் ஏத்துனதில்லைங்க, குடும்பமா கோயிலுக்குப் போன வண்டி" என்றார். மாப்பிள்ளை சிரிச்சுட்டார். ஐஸ் உருகி ஓடுற தண்ணி வெளிய போறதுக்குத்தான் அந்த ரெண்டு ஓட்டை. பின் சீட்டைக் கழட்டி வச்சுட்டு, ஐஸ் போட்ட மீன் பெட்டியை அடுக்கி, விடியக்காலம் மார்க்கெட்டுக்கு ஓடின வண்டி. மீன் பெட்டியில இருந்து வடியற தண்ணி வெறும் உப்புத் தண்ணி மட்டும் இல்லை, ரத்தமும் கொழுப்பும் கலந்தது. மேட்டுக்கு அடியில போய் உட்கார்ந்தா காயவே காயாது. கரையில நின்ன வண்டிக்கு உப்பு வெளியில இருந்து வருது. மீன் ஏத்துன வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ரெண்டு பக்கமும்.

மீன் ஏத்துறது குத்தம் இல்லை. மாப்பிள்ளையோட பொழைப்பே அதுதான். ஆனா குடும்ப வண்டின்னு சொல்லி விக்கிறப்ப விலையில அது தெரியணும்.

இதே மாதிரி வண்டியோட பழைய வாழ்க்கையைக் காட்டிக்கொடுக்கிற அடையாளங்கள் வேற சிலவும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்தின வேன்னா பக்கக் கதவோட ரெயில் தேஞ்சு, கதவை இழுத்தா நடுவுல தொங்கும், சீட் முதுகுல கிறுக்கல் இருக்கும். டி போர்டா ஓடி ஓன் போர்டா மாத்தின இன்னோவா, டவேரா நிறைய வருது. மீட்டர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் வழவழப்பு, டிரைவர் சீட்டோட கதவுப் பக்க ஓரம், இது மூணும் பொய் சொல்லாது. அறுபதாயிரம் ஓடின வண்டிக்குப் பெடல் ரப்பர் புதுசா மாத்தியிருந்தா, ஏன்னு கேளுங்க.

வெள்ளத்துல நின்ன வண்டிக்குத் தனிச் சோதனை. 2015 டிசம்பர்ல சென்னை, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப திரும்பச் சென்னை, அதே மாசம் தூத்துக்குடிப் பக்கம். இப்படி முங்கின வண்டிகள் துடைச்சு ஊர் ஊராப் போய் விலை போகும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளிய இழுத்துப் பாருங்க. கழுவுறவங்க கண்ணுல படற நீளத்தைத்தான் தேய்ப்பாங்க, உள்ளே சுருண்டிருக்கிற பாகத்துல சேத்துக் கோடு அப்படியே இருக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே நீர்மட்டக் கோடு, டேஷ்போர்டுக்கு அடியில ஒயர் முனைகள்ல பச்சைப் பூப்பு, இதுவும் சாட்சி.

எஞ்சின், அப்புறம் ஏழு பேர்

எஞ்சினைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் சுருக்கமா முடிச்சுக்கிறேன். நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. போனதும் கையை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா ஏற்கெனவே ஓட்டிப் பழக்கியிருக்காங்க. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்து, ஆயில் மூடியில பால் ஏடு மாதிரி ஒட்டியிருந்தா, தண்ணியும் ஆயிலும் கலக்குதான்னு சந்தேகப்படணும். ஆம்னியிலயும் பழைய டீசல் இன்னோவாவிலயும் டைமிங் பெல்ட். கடைசியா எப்ப மாத்தினதுன்னு பில் இல்லைன்னா, மாத்துற செலவை விலையில கழிச்சுக்கணும். ஆம்னி, ஈகோ ரெண்டிலும் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கிப் பார்க்காம எஞ்சினைப் பார்த்தேன்னு சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்க்கிறது முக்கியம், அதுவும் யாரை வச்சுக்கிட்டுங்கிறது முக்கியம். தனியாப் போய் ஓட்டிட்டு "ஸ்மூத்தா இருக்கு"ன்னு வர்றோம். குடும்ப வேனை யாரும் தனியா ஓட்டப் போறதில்லையே. ஏழு பேரையும் ஏத்துங்க. நாகூர் ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் ஏத்தி இறக்குங்க. பின்னாடி டயர் மட்கார்டுல உரசுதா, கடைசி சீட்டுல உட்கார்ந்தவருக்கு சைலன்சர் வாடை வருதா (தரையில ஓட்டை இருந்தா வரும், தூங்குற பிள்ளைங்களுக்கு அந்தப் புகை ரொம்ப ஆபத்து), பெரியவங்களால ஏற முடியுதா, மூணாவது வரிசையில கால் மடங்குதா. மாமா ஏறி இறங்க முடியலைன்னா மத்ததெல்லாம் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

சீட்டு எண்ணிக்கையை ஆர்சி புக்கோட ஒப்பிடுங்க. அஞ்சு சீட்டு ஈகோவில பின்னாடி ஒரு பெஞ்சைப் போட்டு ஏழு சீட்டுன்னு விக்கிறது நடக்குது. ஆர்சியில அஞ்சுன்னு இருந்தா, விபத்து நடந்தப்புறம் இன்சூரன்ஸ்காரங்க கேட்கிற முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும். சிஎன்ஜி கிட் போட்ட வண்டின்னா அதுவும் ஆர்சியில ஏறியிருக்கணும், சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை செய்யற அழுத்தச் சோதனைச் சான்று கையில இருக்கணும். சிலிண்டரைப் பிடிச்சிருக்கிற பட்டையும் இரும்புதான், உப்பு அதையும் விடாது.

எந்த மாடல் நல்லதுன்னு கேட்கிறவங்களுக்கு: ஆம்னி 1984ல வந்து 2019ல நின்னுபோச்சு. 796 சிசி எஞ்சின், எந்த ஊர்லயும் ரிப்பேர் பண்ணலாம். ஆனா ஓட்டுறவர் முட்டிக்கும் எதிரே வர்ற லாரிக்கும் நடுவுல ஒரு தகரம்தான், நெடுந்தூரக் குடும்பப் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன். ஈகோ 2010ல இருந்து வருது. ஏர்பேக் இல்லாத ஈகோவுக்கு 2016ல குளோபல் என்கேப் மோதல் சோதனையில பூஜ்ஜியம் ஸ்டார்தான் கிடைச்சது. நம்ம நாட்டுல புது கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையிலதான். 2018ல வந்த ரெண்டாம் தலைமுறை எர்டிகா அடுத்த வருஷம் அதே சோதனையில மூணு ஸ்டார் வாங்குச்சு. இன்னோவா 2005ல இருந்து இருக்கு, உழைக்கும், விலையும் இறங்காது. டவேரா மலிவாக் கிடைக்கும், ஆனா செவர்லே 2017 கடைசியோட இந்தியாவுல விற்பனையை நிறுத்திட்டுது. ரெண்டரை லட்சத்துக்கு ஏழு பேர்ன்னா எங்களுக்கு ஈகோதான் எட்டுச்சு. பூஜ்ஜியம் ஸ்டார்னு தெரிஞ்சேதான் தேடினோம். தகரமே குறைவான வண்டியில, அந்தத் தகரமாவது முழுசா இருக்கணும்ங்கிற பிடிவாதம் அதனாலதான்.

பிஒய் 02, டிஎன் 68

அந்த வெள்ளை ஈகோவை விட்டுட்டோம். திரும்பி வர்ற வழியில மாப்பிள்ளை ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "காரைக்கால்ல நின்ன வண்டி எல்லாமே இப்படித்தானே மச்சான் இருக்கும்?"

ஏறக்குறைய ஆமாம். அப்ப உள்நாட்டு வண்டி பார்க்கணும், கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம். இங்கதான் காரைக்காலோட பூகோளம் குறுக்க வருது. காரைக்கால் புதுச்சேரியோட சேர்ந்தது, சுத்தி தமிழ்நாடு. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினா நாகூர், மேற்கே திருவாரூர் மாவட்டம். கூப்பிடு தூரத்துல வேற மாநிலம். காரைக்கால் வண்டின்னா பிஒய் 02, பேர் மாத்துறது உள்ளூர் வேலை. நாகப்பட்டினத்து டிஎன் 51ஓ கும்பகோணத்து டிஎன் 68ஓ வாங்கினா வேற மாநில வண்டி. விக்கிறவரோட ஆர்டிஓ ஆபீஸ்ல படிவம் 28ல என்ஓசி வாங்கணும். கைமாத்தத்துக்கு 29, 30. புது நம்பருக்கு 27. வண்டி மேல கடன் இருந்திருந்தா, அடைச்சாச்சுன்னு பைனான்ஸ் கடிதத்தோட 35. அப்புறம் இங்க வரி புதுசாக் கட்டணும்.

"டிஎன் நம்பரோடவே ஓட்டலாமே, யார் கேட்கப் போறா"ன்னு சொல்றவங்க உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆவது பிரிவுப்படி, ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அங்க மறுபதிவு பண்ணணும். அதைவிட, பேர் மாத்தாம ஓட்டுறதுதான் பெரிய வினை. வாங்கினவர் 30 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிக்கணும்னு 50ஆவது பிரிவு சொல்லுது. ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அது விக்கிறவருக்குப் பயம். வாங்குறவருக்கு வேற பயம்: மூணாம் நபர் இன்சூரன்ஸ் வண்டியோட தானா வந்துடும், ஆனா நம்ம வண்டிக்கு ஆன சேதத்துக்கான பாலிசி நம்ம பேருக்கு மாறினாத்தான் செல்லும். 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் கேட்கணும்.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி எம்பரிவாகன் செயலியில நம்பரைப் போட்டுப் பாருங்க. எத்தனையாவது ஓனர், கடன் இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப முடியுது, எல்லாம் வரும். கட்டாத அபராதத்தையும் பார்த்துடலாம். 15 வருஷம் முடியப் போற வண்டின்னா பதிவைப் புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில இருந்து 5,000 ஆச்சு. அப்ப வண்டியை நேர்ல காட்டணும், அரிச்ச தரையோட போய் நின்னா செலவு தனி.

உள்ளூர் வண்டின்னா பேப்பர் சுலபம், தகரம் சந்தேகம். வெளியூர் வண்டின்னா தகரம் நல்லா இருக்கும், பேப்பருக்கு அலையணும். மாப்பிள்ளை ரெண்டு நாள் யோசிச்சார். பேப்பருக்கு அலைஞ்சா ஒரு நாள் முடிஞ்சிடும், துரு முடியாதுன்னு நான் சொன்னேன். "அலையப்போறது நீங்களா நானா?"ன்னு கேட்டார். நியாயம்தான்.

கடைசியில கும்பகோணத்துப் பக்கம் ஒரு ஈகோ அமைஞ்சது. 2013 மாடல், முதல் வண்டியை விட ஒரு வருஷம் பழசு. மீட்டர்ல ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். பம்பர்ல கீறல், ஒரு கதவுல சப்பை, சீட் துணி கிழிஞ்சிருந்தது. அடியில தூக்கிப் பார்த்தா வயல் மண்ணும் தூசியும், தட்டின இடமெல்லாம் 'டங்'. சர்வீஸ் பில்லை ஒரு மஞ்சப்பையில போட்டு வச்சிருந்தார் ஓனர். ரெண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு முடிஞ்சது. மிச்சம் இருந்த பணத்துல நம்பர் மாத்துற செலவு, ரெண்டு டயர், உள்ளே பெட்டிச் சட்டங்களுக்கு மெழுகு மாதிரி ஒரு கோட்டிங். காய்ஞ்ச தகரத்து மேல அடிச்சதால அதுக்கு அர்த்தம் இருக்கு. வடிகால் ஓட்டைகளை அடைச்சுடாம அடிக்கச் சொன்னோம்.

என்ஓசி கைக்கு வந்தாச்சு. அடுத்த வாரம் காரைக்கால்ல வண்டியைக் காட்டணும். அதுவரைக்கும் டிஎன் 68 நம்பரோட திருமலைராயன்பட்டினத்துல அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிக்குது. கரையில கொண்டு வந்து நிறுத்தக்கூடாதுன்னு தங்கச்சி கண்டிப்பாச் சொல்லிட்டா. வாரத்துக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணியில அடிப்பக்கம் கழுவுறது பெரியவனோட வேலை. போன சனிக்கிழமை மாமா முன் சீட்டுல உட்கார்ந்து திருநள்ளாறு போயிட்டு வந்தார். முட்டிக்கு எஞ்சின் சூடு அடிக்குதாம். அதை நான் குறிப்புல எழுத மறந்துட்டேன்.